மரபேட்டில் ஓர் இடைச்செருகல்

பழஞ்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த அறிஞர்கள் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று இடைச்செருகல். மூலநூலாசிரியர் எழுதாத பாடல் ஒன்றைப் பிற்காலத்தவர் ஒருவர் இயற்றிச் சுவடிக்கட்டினுள் சேர்த்துவிடுவார். அதன்பின் அச்சுவடியைப் பார்த்துப் படியெடுப்போர் யாவரும் மூலத்தோடு சேர்த்து அதனையும் எழுதிச் செல்வர். சில தலைமுறைகள் கழிந்தபின் மூலம் எது, செருகல் எது எனப் பிரித்தறிவது அரிதாகிவிடும்.

உயிரணுவினுள் இருக்கும் மரபேட்டிலும் இத்தகைய இடைச்செருகல் நிகழ்கிறது. அதனைச் செய்வது ஒரு வைரஸ் என்று 1964ஆம் ஆண்டில் ஓர் இளம் அறிவியலாளர் கூறினார். அக்காலத்து உயிரியலின் அடிப்படைக் கருத்துக்கு மாறாக அக்கூற்று இருந்தமையால் அதனை ஏற்போர் மிகச் சிலராகவே இருந்தனர். ஆறு ஆண்டுகள் கழித்து அவரே அதனை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தார். அவர்தாம் ஹோவர்டு மார்ட்டின் டெமின். ஒரு கருத்தை நம்புவதற்கும் அதனை நிறுவுவதற்கும் இடையே உள்ள தொலைவைப் பொறுமையோடு கடந்த அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூலமும் படியும்

டெமினின் பணியை அறிய வைரஸின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். வைரஸ் தனித்திருக்கும்போது உயிருள்ள பொருளாக இயங்குவதில்லை. அது உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, தானாகப் பெருகுவதும் இல்லை. புரத உறையினுள் பொதிந்து வைக்கப்பட்ட மரபுப்பொருளே வைரஸ். சில வைரஸ்களுக்கு அவ்வுறையின்மேல் கொழுப்பாலான போர்வையும் உண்டு. ஓர் உயிரணுவினுள் நுழைந்ததும் அதன் நிலை மாறுகிறது. உயிரணுவின் கருவிகளையும் மூலப்பொருள்களையும் தன்வயப்படுத்திக்கொண்டு, தன்னைப் போன்ற எண்ணற்ற படிகளை அது உருவாக்கிக்கொள்கிறது.

மனிதர், விலங்கு, மரம், செடி ஆகிய அனைத்தின் மரபுப்பொருளும் டி.என்.ஏ. ஆகும். இதனை உயிரணுவின் மூலச்சுவடி எனலாம். உயிரணுவுக்கு ஒரு புரதம் தேவைப்படும்போது மூலச்சுவடியின் உரிய பகுதி மட்டும் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படிக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்தப் படியில் உள்ள குறிப்பின்படி புரதம் கட்டமைக்கப்படுகிறது. மூலச்சுவடி, உயிரணு பிளவுறும்போதெல்லாம் முழுமையாக நகலெடுக்கப்பட்டு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. படியோ தன் பணி முடிந்ததும் சிதைந்துபோகிறது.

வைரஸ்களுள் பல இந்த ஒழுங்கிலிருந்து விலகியவை. போலியோ, தட்டம்மை, வெறிநாய்க்கடி நோய், டெங்கு, இன்புளுயன்சா, கொரோனா முதலிய நோய்களை உண்டாக்கும் வைரஸ்களுக்கு ஆர்.என்.ஏ.யே மரபுப்பொருள். அவற்றிடம் மூலச்சுவடி என ஒன்று இல்லை. படியிலிருந்தே படி எடுத்துப் பெருகுகின்றன. ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ.யை எழுதும் நொதி ஒன்றை அவை தமக்கென வைத்துள்ளன. போலியோ போன்ற வைரஸ்கள் இவ்வாறு பெருகித் தாம் புகுந்த உயிரணுவை அழித்து வெளியேறுகின்றன. உயிரணுக்களின் அந்த அழிவே நோயாக வெளிப்படுகிறது.

ஆனால், ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ் மட்டும் இந்த விளக்கத்துக்குள் அடங்காமல் நின்றது. அது தான் புகுந்த உயிரணுவைக் கொல்லவில்லை. கட்டுக்கடங்காமல் பெருகச் செய்தது. அந்த வைரஸின் வரலாறு ஒரு கோழியிலிருந்து தொடங்குகிறது.

கோழியும் கட்டியும்

நியூயார்க் நகரின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பெய்டன் ரௌஸ் என்னும் மருத்துவ அறிஞரிடம், மார்பில் கட்டியுள்ள கோழி ஒன்று கொண்டுவரப்பட்டது. அவர் அக்கட்டியை அரைத்துச் சாறாக்கி, உயிரணுவோ பாக்டீரியாவோ கடந்துசெல்ல முடியாத நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீர்மத்தை நலமுள்ள கோழிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் கட்டி உண்டாயிற்று. வடிகட்டியைக் கடந்துசெல்லும் அளவுக்கு நுண்ணிய ஒரு பொருளே அப்புற்றுக்குக் காரணம் என்பது இதனால் விளங்கியது. 1911ஆம் ஆண்டு அவர் இதனை வெளியிட்டார். புற்றுநோய் வைரஸால் வரக்கூடும் என்பதை அன்றைய மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966ஆம் ஆண்டில். அப்போது ரௌஸுக்கு அகவை 87.

ரௌஸின் பெயரால் வழங்கும் அந்தக் கோழிப்புற்று வைரஸே டெமினின் வாழ்நாள் ஆய்வுக்கு அடித்தளம் ஆயிற்று.

இளமையும் கல்வியும்

டெமின் 1934ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி ஒரு வழக்கறிஞர்; தாய் அன்னெட் கல்வி தொடர்பான பொதுப்பணிகளில் ஈடுபாடு மிக்கவர். மூன்று ஆண்மக்களுள் டெமின் இரண்டாமவர். பள்ளியில் பயிலும்போதே மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தின் கோடைக்காலப் பயிற்சியில் சேர்ந்தார். எலிகளின் மரபியலை ஆராய்வதில் பெயர்பெற்ற அந்த ஆய்வகத்தில், அறிவியல் என்பது நூலில் எழுதப்பட்டதைக் கற்பது மட்டுமன்று, எழுதப்படாததைத் தேடுவதும் ஆகும் என்பதை அச்சிறுவர் நேரில் கண்டார். 18ஆம் அகவையிலேயே அவரது முதல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது.

1955ஆம் ஆண்டு ஸ்வார்த்மோர் கல்லூரியில் உயிரியலில் பட்டம் பெற்ற டெமின், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். கருவளர்ச்சியியலில் தொடங்கிய அவரது நாட்டம் ஒன்றரை ஆண்டுக்குப் பின்னர் வைரஸ்களின்பால் திரும்பியது. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரெனாட்டோ டல்பெக்கோவின் ஆய்வகத்தில் அவர் இணைந்தார். விலங்கு வைரஸ்களைக் கண்ணாடித் தட்டில் எண்ணிக் கணக்கிடும் முறையை வகுத்தவர் டல்பெக்கோ. அதே ஆய்வகத்தில், கால்நடை மருத்துவம் பயின்று ஆய்வுக்கு வந்த ஹாரி ரூபின், ரௌஸ் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். டெமின் அவரோடு சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார்.

எண்ணுதற்கு ஒரு வழி

அதுவரை ரௌஸ் வைரஸை ஆராய விரும்பியோர் கோழிகளுக்கு ஊசி செலுத்திக் கட்டி தோன்றும்வரை காத்திருந்தனர். அம்முறை மெதுவானது, நுட்பமான அளவீட்டுக்கு உதவாதது. டெமினும் ரூபினும் கோழிக்கருவின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக வளர்த்து, அவற்றின்மேல் வைரஸைத் தூவினர். சில நாள்களில் படலத்தின் ஆங்காங்கே சிறு குவியல்கள் எழுந்தன. வைரஸ் புகுந்த உயிரணு புற்றுத்தன்மை அடைந்து பெருகியதால் உண்டானவை அக்குவியல்கள். வைரஸ் துகள் ஒன்றே ஒரு குவியலுக்குப் போதுமானது. ஆதலால், குவியல்களை எண்ணினால் வைரஸ்களை எண்ணியதாகும். 1958ஆம் ஆண்டு வெளிவந்த இம்முறை, புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களை அளவிட்டு ஆராய்வதற்கு வழிதிறந்தது.

அக்குவியல்களை நுண்ணோக்கியின்வழி உற்றுநோக்கிய டெமின் வேறொன்றையும் கண்டார். எல்லாக் குவியல்களும் ஒரே தோற்றத்தில் இல்லை. சிலவற்றில் உயிரணுக்கள் உருண்டு திரண்டிருந்தன. சிலவற்றில் நீண்டு மெலிந்திருந்தன. உருண்டை வடிவக் குவியலிலிருந்து எடுத்த வைரஸ், புதிய தட்டிலும் உருண்டை வடிவத்தையே உண்டாக்கியது. நீள்வடிவக் குவியலின் வைரஸ் நீள்வடிவத்தையே உண்டாக்கியது. உயிரணுவின் வடிவத்தை வைரஸின் மரபணு தீர்மானிக்கிறது என்பதை இது காட்டியது. அவ்வடிவம் உயிரணு பிளவுறும்போது மகவுயிரணுக்களுக்கும் மாறாமல் சென்றது.

இங்கே டெமினின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது மரபேட்டில் எழுதப்பட்ட பண்பு மட்டுமே. உயிரணுவின் மரபேடு டி.என்.ஏ.யால் ஆனது, வைரஸின் மரபுப்பொருளோ ஆர்.என்.ஏ. எனில், படியில் இருந்த செய்தி மூலச்சுவடிக்குள் புகுந்தது எவ்வாறு?

நிலவறை ஆய்வகம்

1960ஆம் ஆண்டு டெமின், மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் புற்றுநோய் ஆய்வகத்தில் உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருக்கு அளிக்கப்பட்ட முதல் ஆய்வகம் கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. உயிரணுக்களை வளர்க்கும் அறையில் கழிவுநீர்க் குழி ஒன்று இருந்தது. வேதியியல் சோதனை அறையின் வழியே கட்டடம் முழுவதற்குமான நீராவிக் குழாய்கள் சென்றன. அந்த இடத்திலிருந்துதான் அவர் தம் வினாவுக்கு விடை தேடத் தொடங்கினார். 1962ஆம் ஆண்டு மரபியலாளர் ரேலா கிரீன்பெர்க்கை மணந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் இருவர் பிறந்தனர்.

டெமின் கையாண்ட கருவிகளுள் முதன்மையானது ஆக்டினோமைசின் டி என்னும் மருந்து. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தடுப்பது இதன் இயல்பு. ஆர்.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கும் போலியோ போன்ற வைரஸ்களின் பெருக்கத்தை இம்மருந்து தடுப்பதில்லை. அவற்றின் வழியில் டி.என்.ஏ.வுக்கு இடமே இல்லை. ரௌஸ் வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸே என்பதால் அதுவும் தடையின்றிப் பெருகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். டெமின் செய்த சோதனையிலோ மருந்திட்டதும் வைரஸின் உற்பத்தி நின்றுபோயிற்று. மேலும், தொற்று நிகழ்ந்த தொடக்க நேரத்தில் புதிய டி.என்.ஏ. உருவாவதைத் தடுத்தாலும் தொற்று நிலைபெறவில்லை.

இவற்றை இணைத்துப் பார்த்த டெமின் 1964ஆம் ஆண்டு ஒரு கருதுகோளை முன்வைத்தார். ரௌஸ் வைரஸின் ஆர்.என்.ஏ., உயிரணுவினுள் நுழைந்தபின் தன்னைப் பார்த்து ஒரு டி.என்.ஏ.யை எழுதிக்கொள்கிறது. அந்த டி.என்.ஏ. உயிரணுவின் மரபேட்டினுள் செருகப்படுகிறது. பின்னர் அச்செருகலிலிருந்தே புதிய வைரஸ் ஆர்.என்.ஏ.க்கள் படியெடுக்கப்படுகின்றன. உயிரணு பிளவுறும்போதெல்லாம் அச்செருகலும் சேர்ந்தே நகலெடுக்கப்படுகிறது. செருகப்பட்ட அந்த வைரஸ் டி.என்.ஏ.வுக்கு அவர் புரோவைரஸ் எனப் பெயரிட்டார்.

ஏற்கப்படாத ஆறு ஆண்டுகள்

மரபுச்செய்தி டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கும், ஆர்.என்.ஏ.யிலிருந்து புரதத்துக்கும் செல்கிறது என்பது அக்காலத்தில் மூலக்கூற்று உயிரியலின் மையக்கோட்பாடாக விளங்கியது. அதனை வகுத்தவர் பிரான்சிஸ் கிரிக். ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.வுக்குச் செய்தி செல்லவே முடியாது என்று கிரிக் கூறியதில்லை. ஆயினும், பாடநூல்களும் வகுப்பறைகளும் அக்கோட்பாட்டை ஒருவழிப் பாதையாகவே கற்பித்தன. டெமின் கூறியதோ அப்பாதையின் எதிர்த்திசைப் பயணம்.

டெமினின் கருத்தை ஏற்காதவர்களை அறிவுக்கு எதிரானவர்கள் எனக் கொள்வது முறையன்று. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆக்டினோமைசின் டி உயிரணுவுக்கு நஞ்சாவது. வைரஸ் உற்பத்தி நின்றமைக்கு மருந்தின் வேறொரு விளைவு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஐயுற்றனர். தொற்றுற்ற உயிரணுக்களில் வைரஸ் ஆர்.என்.ஏ.வோடு பொருந்தும் டி.என்.ஏ. இருப்பதாகக் காட்ட டெமின் சோதனைகள் செய்தார். ஆனால், அவற்றில் கிடைத்த அளவுகள் மிகச் சிறியன. சோதனையில் இயல்பாக நேரும் பிழையினின்று அவற்றைப் பிரித்துக் காட்டுவது எளிதாக இல்லை. சுருங்கச் சொன்னால், டெமினிடம் இருந்தவை மறைமுகச் சான்றுகள். ஒரு பெருங்கோட்பாட்டைத் திருத்த அவை போதுமானவையாக இல்லை.

இத்தகைய நிலையில் மனிதர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வர்: ஒன்று, கருத்தைக் கைவிடுவர், அன்றி, உலகம் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என மனங்கசந்து ஒதுங்குவர். டெமின் இரண்டையும் செய்யவில்லை. தம் கருத்து சரியானது என்னும் உறுதி அவருக்கு இருந்தது. அவ்வுறுதி பிறருக்குச் சான்றாகாது என்னும் தெளிவும் இருந்தது. ஆண்டுதோறும் புதிய சோதனைகளை வடிவமைத்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார், கிடைத்த முடிவுகளைக் கருத்தரங்குகளில் முன்வைத்தார். மறுப்பைக் கேட்டுத் திரும்பினார். மறுபடியும் சோதனையில் அமர்ந்தார்.

உறைக்குள் ஒளிந்திருந்த நொதி

1960களின் பிற்பகுதியில் சப்பானிலிருந்து வந்த சடோஷி மிசுடானி என்னும் இளம் ஆய்வாளர் டெமினோடு இணைந்தார். புரோவைரஸ் உருவாவதற்குப் புதிய புரதம் எதுவும் தேவைப்படுவதில்லை என்பதை அவர்களது சோதனை புலப்படுத்தியது. நொதி என்பது புரதம். புதிய புரதம் தேவையில்லை எனில், ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி முன்னரே அங்கு இருந்திருத்தல் வேண்டும். வைரஸ்கள் சில தம் உறைக்குள்ளேயே நொதிகளைச் சுமந்து செல்வதை அக்காலத்தில் பிற ஆய்வாளர்கள் கண்டறிந்திருந்தனர். எனவே, தாம் தேடும் நொதியும் வைரஸ் துகளின் உள்ளேயே இருக்கலாம் என டெமின் கருதினார்.

அதன்பின் செய்யவேண்டிய சோதனை எளிதாயிற்று. தூய்மைப்படுத்திய வைரஸ் துகள்களின் கொழுப்புப் போர்வையைச் சோப்புப் போன்ற ஒரு வேதிப்பொருளால் கரைத்துத் திறந்தனர். டி.என்.ஏ.யைக் கட்டமைக்கத் தேவையான நான்கு மூலக்கூறுகளையும் அதனோடு சேர்த்தனர். அவற்றுள் ஒன்று, கண்டறிவதற்கு ஏதுவாகக் கதிரியக்கக் குறியிடப்பட்டது. உயிரணு எதுவும் இல்லாத அச்சோதனைக் குழாயில் டி.என்.ஏ. உருவாயிற்று. ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியை முன்னரே சேர்த்தபோது டி.என்.ஏ. உருவாவது பெரிதும் குறைந்தது. ஆகவே, ஆர்.என்.ஏ.யே அதற்கு மூலப்படியாக அமைந்தது என்பது உறுதியாயிற்று. விளைந்த பொருளை டி.என்.ஏ. சிதைப்பு நொதி அழித்தமையால் அது டி.என்.ஏ.யே என்பதும் உறுதியாயிற்று.

1970ஆம் ஆண்டு மே மாதம் ஹூஸ்டன் நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் புற்றுநோய் மாநாட்டில் டெமின் இதனை அறிவித்தார். அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பால்டிமோர், எலிகளில் இரத்தப்புற்றை உண்டாக்கும் வைரஸைக்கொண்டு, தனித்து அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவர் கட்டுரைகளும் 1970ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் நேச்சர் இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆறு ஆண்டுகளாக நிலவிய ஐயம் நீங்கியது. இருவரும் தனித்தனியே இருவேறு வைரஸ்களில் கண்ட ஒரே உண்மை என்பதால் அதன் வலிமை இருமடங்காயிற்று. அந்த நொதி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் எனப் பெயர்பெற்றது. எதிர்த்திசையில் படியெடுக்கும் நொதி என்பது அதன் பொருள். அந்நொதியைக் கொண்ட வைரஸ்கள் ரெட்ரோவைரஸ்கள் என வழங்கலாயின. அவ்வாண்டிலேயே கிரிக், தம் மையக்கோட்பாட்டின் மெய்யான பொருளை விளக்கிக் கட்டுரை எழுதினார். கோழிப்புற்று வைரஸைக் கண்டறிந்த பெய்டன் ரௌஸ் அவ்வாண்டு பிப்ரவரியில்தான் மறைந்திருந்தார். அவ்வைரஸின் மறைபொருள் விளங்கியதை அவர் காணவில்லை.

விருதும் எச்சரிக்கையும்

கட்டி உண்டாக்கும் வைரஸ்களுக்கும் உயிரணுவின் மரபுப்பொருளுக்கும் இடையேயான உறவைக் கண்டறிந்தமைக்காக 1975ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு டெமின், பால்டிமோர், டல்பெக்கோ ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் பரிசு பெற்றனர். விழா நடைபெற்ற டிசம்பர் 10ஆம் நாள் டெமினின் 41ஆவது பிறந்தநாளாகவும் அமைந்தது.

ஸ்டாக்ஹோமில் கிடைத்த அந்த வாய்ப்பை டெமின் தம் ஆய்வின் பெருமையைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. புற்றுநோயைத் தடுக்க மக்களின் கைக்கெட்டும் பெருவழிகளுள் ஒன்று புகைபிடிப்பதைக் கைவிடுவது. அதனை இன்னும் பலர் கடைப்பிடிக்காதிருப்பது தமக்கு ஆற்றாமையைத் தருகிறது என்று அவையோர் முன்னிலையில் எடுத்துரைத்தார். மனிதரின் பெரும்பான்மையான புற்றுநோய்கள் ரெட்ரோவைரஸ்களால் வருவன அல்ல என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். தாம் கண்டறிந்த உண்மையின் எல்லை எதுவரை என்பதை அறிந்து பேசியது அவரது நேர்மைக்குச் சான்று.

பிழைகளின் வேகம்

1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் என்னும் புதிய நோய் உலகை அச்சுறுத்தியது. 1983ஆம் ஆண்டு பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மொன்டானியே ஆகியோரின் குழு, அந்நோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டறிந்தது. நோயாளியின் நிணநீர்க்கணுவிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியின் செயல் தென்பட்டதே அக்குழுவினருக்குக் கிடைத்த முதல் தடயம். கோழிப்புற்றை ஆராய்ந்து பெற்ற அறிவு, மனித குலத்தின் பெருந்துயர் ஒன்றை அடையாளம் காண உதவியது. அவ்வைரஸ் பின்னர் எச்.ஐ.வி. எனப் பெயர்பெற்றது. எய்ட்ஸுக்கு எதிராக 1987ஆம் ஆண்டு ஏற்பளிக்கப்பட்ட முதல் மருந்தும் இந்நொதியின் செயலைத் தடுப்பதே.

எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முற்றாக நீக்குவது ஏன் கடினம் என்பதற்கும் டெமினின் புரோவைரஸ் கருத்தே விளக்கம் தருகிறது. வைரஸின் செய்தி உயிரணுவின் மரபேட்டிலேயே செருகப்பட்டுவிடுவதால், மருந்துகள் வைரஸின் பெருக்கத்தை அடக்கினாலும் செருகல் அப்படியே தங்கிவிடுகிறது.

டெமினும் அவர் மாணவர்களும் மற்றொரு வினாவையும் ஆராய்ந்தனர். ரெட்ரோவைரஸ்கள் இத்துணை விரைவாக மாறுவது ஏன்? பெயர்த்தெழுதுவோர் கண் அயர்ந்தால் ஏட்டில் பிழை நேர்வதுபோல, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸும் எழுதும்போது பிழை செய்கிறது. உயிரணுவின் டி.என்.ஏ. நகலெடுப்பு நொதிகளுக்குப் பிழைதிருத்தும் ஆற்றல் உண்டு. இந்நொதிக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரே ஒருமுறை பெருகும்போது எத்துணைப் பிழைகள் நேர்கின்றன என்பதை அளவிடும் முறையை டெமினின் ஆய்வகம் உருவாக்கியது. ஒவ்வொரு துகளிலும் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் இருப்பதால், எழுதும் நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் புதிய கலவைகளை உண்டாக்குவதையும் அவர்கள் ஆராய்ந்தனர். மருந்துகளுக்கு வைரஸ் எதிர்ப்பாற்றல் பெறுவதையும் தடுப்பூசி உருவாக்குவதில் உள்ள இடரையும் புரிந்துகொள்ள இவ்வாய்வுகள் துணைநின்றன. இறுதிவரை எய்ட்ஸ் தடுப்பு முயற்சிகளுக்கு டெமின் தம் அறிவையும் நேரத்தையும் அளித்துவந்தார்.

மறைவும் நிலைபேறும்

1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் டெமினுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பதும் கண்டறியப்பட்டது. அவர் வாழ்நாளில் புகைபிடித்தவர் அல்லர். புகையிலைக்கு எதிராக உலகின் உயர்ந்த மேடையில் குரல்கொடுத்தவரை அந்நோய் பற்றியது காண்போர் நெஞ்சை வருத்தியது. நோயுற்ற நிலையிலும் அவர் ஆய்வுப்பணியை விடவில்லை. 1994ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் மேடிசன் நகரில் தமது 59ஆம் அகவையில் இயற்கை எய்தினார். அந்நகரின் மென்டோட்டா ஏரியை ஒட்டிச் செல்லும் பாதைக்குப் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சூட்டியுள்ளது.

அவர் விட்டுச்சென்ற அறிவு இன்று நம் அன்றாட வாழ்விலும் கலந்துள்ளது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் செய்யப்பட்ட ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையை நாம் அறிவோம். அப்பெயரின் முதலில் உள்ள ஆர்.டி. என்பது எதிர்த்திசைப் படியெடுப்பையே குறிக்கிறது. கொரோனா வைரஸ் ரெட்ரோவைரஸ் அன்று. எனினும் அதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். அதனை டி.என்.ஏ.யாக மாற்றினால்தான் அப்பரிசோதனையில் பன்மடங்காகப் பெருக்கிக் காண இயலும். 1964ஆம் ஆண்டில் நடக்கவியலாதது எனக் கருதப்பட்ட அச்செயல், ஊர்தோறும் உள்ள ஆய்வகங்களில் கோடிக்கணக்கான முறை நிகழ்த்தப்பட்டது.

இன்னும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. மனித மரபேட்டின் ஏறத்தாழ 8 விழுக்காடு, நம் முன்னோரின் உடலில் புகுந்த பழங்கால ரெட்ரோவைரஸ்களின் எச்சம் என்பது பின்னர் அறியப்பட்டுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை சிதைந்து செயலற்றவை. எனினும் அவற்றுள் சில, தாயின் கருப்பையில் நச்சுக்கொடி உருவாவதற்குத் தேவையான புரதங்களைத் தருகின்றன. கோழியின் கட்டியில் டெமின் கண்ட இடைச்செருகல், நம் ஒவ்வொருவரின் மரபேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது.

பலர் ஒப்புக்கொண்ட கருத்து என்பதனால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. ஒருவர் தனித்துநின்று சொல்வதனால் மட்டும் அஃது உண்மையாகிவிடுவதும் இல்லை. இரண்டையும் தீர்க்க வல்லது சான்று ஒன்றே. மறுத்தோரை வெல்லும் சொல்லைத் தேடாமல், அவர்களும் மறுக்க முடியாத சோதனையைத் தேடினார் டெமின். நிலவறையில் தொடங்கிய அந்தத் தேடல் அறிவியலுக்கு ஒரு புதிய வழியைத் திறந்தது. அவ்வழியில் நடப்போர்க்கு வேண்டிய பொறுமையையும் கற்பித்தது.